முடிக்கும் உரிமை: இர்னா பிலிப்ஸின் வாழ்வும் அமெரிக்கப் பகல்நேர நெடுந்தொடரில் ஆசிரியத்துவமும் (1930–1973)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பகல்நேர நெடுந்தொடர் என்னும் வடிவத்தை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் இர்னா பிலிப்ஸ் (1901–1973). அவரது வாழ்வும் பணியும் பெரும்பாலும் ஒரு சாதனையாளரின் வரலாறாகவே கூறப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கதையின் உரிமை என்னும் கோணத்திலிருந்து அணுகுகிறது. 1930களில் ஒரு வானொலி நிலையத்தோடு அவர் நடத்திய வழக்கு, 1938இல் தம் தொடரொன்றைத் தாமே முடித்தது, 1973இல் தாம் படைத்த தொடரிலிருந்தே நீக்கப்பட்டது ஆகிய மூன்று நிகழ்வுகளும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்தவை. நாள்தோறும் தொடரும் கதை ஒன்றை முடித்துவைக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே அவ்வினா. நெடுந்தொடரில் ஆசிரியத்துவத்தை அளக்கும் அளவுகோல் எழுதும் உரிமையன்று, முடிக்கும் உரிமையே என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இர்னா பிலிப்ஸ், நெடுந்தொடர், ஆசிரியத்துவம், பதிப்புரிமை, விளம்பரதாரர், வானொலி, தொலைக்காட்சி.

1. முன்னுரை

முடிவு என்பது கதையிலக்கணத்தின் இன்றியமையாத உறுப்பாகக் கருதப்பட்டு வந்துள்ளது. காப்பியமாயினும் புதினமாயினும், தொடக்கத்தில் இடப்பட்ட முடிச்சு இறுதியில் அவிழ்கிறது. வார இதழ்த் தொடர்கதையும் பல மாதங்கள் நீண்டாலும் ஒருநாள் 'முற்றும்' என்னும் சொல்லை அடைகிறது. இவ்விலக்கணத்திலிருந்து விலகி, முடிவைத் தன் அமைப்பிலேயே கொள்ளாத கதைவடிவமாக இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது பகல்நேர நெடுந்தொடர். சோப்பு உற்பத்தி நிறுவனங்கள் இதற்கு விளம்பரதாரர்களாக இருந்தமையால் அமெரிக்க இதழ்கள் ஏளனக் குரலில் இதனை 'சோப் ஓப்பரா' என அழைத்தன. ஏளனம் மறைந்த பின்னும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

நெடுந்தொடர் குறித்த ஆய்வுகளில் பெண் சித்திரிப்பு, பார்வையாளர் ஏற்பு ஆகிய இரு தளங்களே மிகுதியும் பேசப்படுகின்றன. எழுதியவர் யார், எழுதியவருக்கும் எழுதப்பட்டதற்கும் இடையே சட்டவழியிலான உறவு யாது என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. எல்லன் சைட்டர், மர்லின் லேவின் போன்றோர் பிலிப்ஸின் ஆவணங்களைக் கொண்டு அவருக்கும் விளம்பரதாரர்களுக்கும் இடையிலான உறவை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் திறந்த வழியிலேயே இக்கட்டுரையும் செல்கிறது. ஆயினும் விற்பனை என்பதைவிட 'முடிவு' என்னும் கருத்தாக்கத்தை மையமாகக் கொள்கிறது.

2. ஆசிரியப் பணியிலிருந்து வானொலிக்கு

இர்னா பிலிப்ஸ் 1901 ஜூலை 1 அன்று சிக்காகோ நகரில் ஜெர்மானிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிக் குழந்தை. சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய் வளர்த்தார். நடிகையாக வேண்டும் என்பது அவரது இளமைக்கால விருப்பம். மேடைக்கேற்ற தோற்றம் தமக்கில்லை என்று கூறப்பட்டதால் அவ்விருப்பத்தைக் கைவிட்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஓஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பேச்சுக்கலையும் நாடகமும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இந்த ஆசிரியப் பின்னணி நோக்கத்தக்கது. பிற்காலத்தில் தம் தொடர்களை வெறும் பொழுதுபோக்கென்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. குடும்பத்தை நடத்தவும் துன்பத்தைத் தாங்கவும் கற்பிக்கும் கருவியாகவே அவற்றை முன்வைத்தார். கற்பித்தலும் விற்றலும் ஒரே எழுத்தில் இணைந்திருந்த இந்நிலையையே சைட்டர் தம் கட்டுரையின் தலைப்பாக்கினார்.

சிக்காகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி நிலையத்தில் குரல் நடிகையாக நுழைந்த பிலிப்ஸிடம், பெண்களுக்கான குடும்பத்தொடர் ஒன்றை எழுதுமாறு நிலையத்தார் கூறினர். 1930 அக்டோபர் 20 அன்று 'பெயின்டட் ட்ரீம்ஸ்' ஒலிபரப்பாகத் தொடங்கியது. அயர்லாந்து மரபைச் சேர்ந்த மொய்னிகன் என்னும் தாயையும், அவர் வீட்டிலுள்ள இளம்பெண்களையும் மையமாகக் கொண்டது அத்தொடர். எழுதியதோடு தாய்ப் பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவரும் பிலிப்ஸே. பெண் நேயர்களை நோக்கி நாள்தோறும் ஒலிபரப்பான குடும்பத்தொடர்களுள் இதனையே முதலாவதாக ஊடக வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கருதுகின்றனர்.

தொடக்கத்தில் விளம்பரதாரர் எவரும் இல்லாத நிலையில், தொடரின் வணிகப் பயனை விளக்கும் முன்வரைவுகளையும் பிலிப்ஸே எழுதினார். கதையில் மகளுக்குத் திருமணம் உறுதியானால், மணப்பெண்ணுக்குரிய துணிமணி முதல் வீட்டுப்பொருள் வரை கதைக்குள்ளேயே இயல்பாகப் பேச இடம் கிடைக்கும் என்பது அவர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. கதைநிகழ்வும் விற்பனை வாய்ப்பும் ஒரே திட்டத்தின் இரு பக்கங்களாக அவரால் எண்ணப்பட்டன. தம் கதையின் சந்தைமதிப்பை நன்கறிந்த எழுத்தாளர் அவர். அதன் சட்டவழி உரிமை யாருடையது என்னும் வினாவை அவர் எதிர்கொண்டது அதற்குப் பிறகுதான்.

3. வழக்கும் அது தந்த பாடமும்

'பெயின்டட் ட்ரீம்ஸ்' தொடரை நாடளாவிய ஒலிபரப்பு வலையமைப்புக்குக் கொண்டுசெல்ல பிலிப்ஸ் விரும்பினார், நிலையத்தார் இசையவில்லை. 1932இல் அவர் வெளியேறினார். தொடரின் உரிமை தமக்கே உரியது எனக் கோரி வழக்கும் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிலையத்தார் வேறோர் எழுத்தாளரைக் கொண்டு அதே தொடரைத் தொடர்ந்து நடத்தினர்.

ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இழுபட்ட அவ்வழக்கு 1940களின் தொடக்கத்தில் அவருக்கு எதிராக முடிந்தது. நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், நிலையத்தாரின் பணிப்பின்பேரில் எழுதப்பட்ட படைப்பு நிலையத்துக்கே உரியது என்பதே தீர்ப்பின் சாரம். பணியாளர் ஆக்கும் படைப்பு பணியமர்த்தியவரின் சொத்து என்னும் பொதுவான கோட்பாட்டின் நேரான பயன்பாடு அது.

அச்சுநூலுக்கும் நெடுந்தொடருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. புதினத்தின் உரிமையை வெளியீட்டாளர் முழுமையாகப் பெற்றுக்கொண்டாலும், எழுதி முடிக்கப்பட்ட கதையை அவர் மேலும் வளர்த்துக்கொண்டே செல்வது வழக்கமன்று. நெடுந்தொடரிலோ முதலாசிரியர் விலகிய மறுநாளும் கதை தொடர்கிறது. அவர் படைத்த தாய் வேறொருவர் எழுதிய சொற்களைப் பேசுகிறாள். உரிமையிழப்பு இங்குப் பண இழப்போடு நிற்பதில்லை. பாத்திரத்தின் எதிர்காலமே கைமாறிவிடுகிறது.

இத்தீர்ப்பு வருவதற்கு முன்பே பிலிப்ஸ் தமக்குரிய பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். 1932இல் 'டுடேஸ் சில்ட்ரன்' என்னும் புதிய தொடரைத் தொடங்கியபோது உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கதையமைப்பில் முந்தைய தொடரை அது பெரிதும் ஒத்திருந்தது. மொய்னிகன் தாயின் இடத்தில் மோரன் தாய் இருந்தார். 1933இல் அது என்.பி.சி. வலையமைப்பில் இடம்பெற்றது, மாவு உற்பத்தி நிறுவனமான பில்ஸ்பரி விளம்பரதாரராயிற்று. நிலையத்தின் ஊழியராக இருந்தவர், ஆயத்த நிலையிலுள்ள தொடரை விளம்பரதாரருக்கு வழங்கும் உரிமையாளராக மாறினார்.

4. உரிமையாளராகிய எழுத்தாளர்

1930களின் பிற்பகுதி பிலிப்ஸின் ஓங்கிய காலம். 1937 ஜனவரி 25 அன்று 'தி கைடிங் லைட்' தொடங்கியது. அதே ஆண்டில் 'தி ரோட் ஆஃப் லைஃப்', 1938இல் 'வுமன் இன் ஒயிட்', 1939இல் 'தி ரைட் டு ஹாப்பினஸ்' ஆகியன வந்தன. இவற்றுள் மருத்துவர், செவிலியர், சமயப் போதகர் போன்ற தொழில்சார் பாத்திரங்கள் மையமிடம் பெற்றன. அடுக்களையைச் சுற்றியே சுழன்ற பகல்நேரத் தொடர் மருத்துவமனைக்கும் வழிபாட்டிடத்திற்கும் நகர்ந்தது. பிற்காலத் தொலைக்காட்சியின் மருத்துவமனைத் தொடர்களுக்கு இவை முன்னோடிகள் எனலாம்.

இக்காலத்தில் நியூயார்க்கில் பிராங்க் ஹம்மர்ட், ஆன் ஹம்மர்ட் இணையர் நடத்திய நிறுவனம் பகல்நேரத் தொடர்களைப் பெருமளவில் உருவாக்கி வந்தது. அங்கே இணையர் கதைச்சுருக்கம் வகுப்பர்; ஊதிய எழுத்தாளர்கள் உரையாடலை நிரப்புவர். பிலிப்ஸின் முறை வேறு. அவர் அறையில் நடந்தபடியே ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் பேசிக் காட்டுவார்; செயலர் அதனைக் குறித்துக்கொள்வார். மேடையில் நிறைவேறாத நடிப்பு விருப்பம் எழுதும் முறையாக உருமாறியது என்று கொள்ள இடமுண்டு. ஆண்டுக்கு இருபது லட்சம் சொற்கள் அளவில் அவர் எழுதியதாக அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. பணி பெருகியபோது அவரும் உரையாடல் எழுத்தாளர்களை அமர்த்திக்கொண்டார். தம் உரிமைக்காக நீதிமன்றம் சென்ற ஒருவர் பிறரைத் தாமே ஊதியத்திற்கு எழுதவைத்தார் என்னும் முரண் மறைக்கத்தக்கதன்று. இத்தொழிலில் உரிமையாளர், பணியாளர் என்னும் இரு நிலைகளே இருந்தன. மூன்றாவது ஒன்று உருவாகவில்லை.

உரிமையாளர் என்ற நிலையின் முழுப்பொருளை 1938ஆம் ஆண்டு நிகழ்வொன்று புலப்படுத்துகிறது. 'டுடேஸ் சில்ட்ரன்' தொடரின் மோரன் தாய், பிலிப்ஸின் சொந்தத் தாயை அடியொற்றிய பாத்திரம். தாய் மறைந்தபின் அக்கதையைத் தொடர்ந்து எழுத அவரால் இயலவில்லை. நேயர் பெருக்கத்தோடு ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த தொடரை நிறுத்த விளம்பரதாரரை இசையவைத்தார். அதன் இடத்தில் 'வுமன் இன் ஒயிட்' வந்தது.

நேயர் குறைவினாலன்றி, எழுதியவரின் துயரத்தினால் ஒரு தொடர் முற்றுப்பெற்றது என்பது இவ்வடிவத்தின் வரலாற்றில் அரிய நிகழ்வு. உரிமை அவரிடம் இருந்தமையாலேயே அது கைகூடியது. 'பெயின்டட் ட்ரீம்ஸ்' தொடரின் தாயை அவரால் காக்க இயலவில்லை. மோரன் தாய்க்கோ ஓர் இறுதியை அவரால் வழங்க முடிந்தது. 1943இல் அதே தலைப்பில் வேறு கதையோடு தொடரொன்றை அவரே மீண்டும் தொடங்கினார் என்பது உண்மையே. ஆயினும் நிறுத்தியதும் மீளத் தொடங்கியதும் அவர் முடிவுகளே.

இதற்கு நேர்மாறானது 'தி கைடிங் லைட்' தொடரின் நிலை. அதன் தொடக்க ஆண்டுகளில் விளம்பரதாரர் அதனைக் கைவிட்டபோது, நேயர்கள் திரளாக எழுதிய கடிதங்களின் விளைவாக அது மீண்டும் ஒலிபரப்புக்கு வந்தது. எழுத்தாளர், விளம்பரதாரர் என்னும் இரு தரப்போடு நேயர் என்னும் மூன்றாம் தரப்பும் கதையின் நீட்சியில் உரிமை கோரியதை இது காட்டுகிறது. பிலிப்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். 1950இல் இத்தொடரின் மெட்டா பவர் என்னும் பாத்திரம் கொலைவழக்கில் நின்றபோது, அவளுக்குரிய தீர்ப்பை நேயர்களிடமே கேட்டமை இவ்வுணர்வின் வெளிப்பாடு.

5. ஏளனமும் ஆய்வும்

நெடுந்தொடர் எழுத்தாளரின் உரிமை வலுப்பெறாமைக்குச் சட்டம் மட்டுமே காரணமன்று. அவ்வெழுத்து எழுத்தாகவே மதிக்கப்படவில்லை. 1942இல் லூயிஸ் பெர்க் என்னும் நியூயார்க் மனநல மருத்துவர் பகல்நேரத் தொடர்கள் நேயர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டு முறையான ஆய்வின்பாற்பட்டதன்று எனப் பின்னர் மறுக்கப்பட்டாலும் பொதுக்கருத்தில் அதன் தடம் நீடித்தது. 1948இல் ஜேம்ஸ் தர்பர் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரைத் தொடர் இவ்வுலகத்தை நகைச்சுவையோடும் நுட்பத்தோடும் விவரித்தது.

மறுபுறம், வெகுமக்கள் ஊடக ஆய்வு ஒரு துறையாக உருப்பெற்றதில் இத்தொடர்களுக்குப் பங்குண்டு. ஹெர்ட்டா ஹெர்சாக் 1941இலும் 1944இலும் வெளியிட்ட நேயர் ஆய்வுகள், பெண்கள் இத்தொடர்களிலிருந்து எதனைப் பெறுகின்றனர் என்று அவர்களிடமே கேட்டறிந்தன. துயரை இறக்கிவைக்கும் இடமாகவும், வாழ்க்கைச் சிக்கல்களுக்கு வழிகாட்டியாகவும் நேயர்கள் தொடர்களைக் கொண்டனர் என அவர் கண்டார். 1980களில் டானியா மோட்லெஸ்கி, ராபர்ட் ஆலன் ஆகியோர், முடிவை ஓயாது ஒத்திப்போடும் அமைப்பையே இவ்வடிவத்தின் தனித்த அழகியலாக விளக்கினர். இல்லப்பணியின் இடையறாத் தன்மையோடு அவ்வமைப்பு இயைந்து செல்வதை மோட்லெஸ்கி சுட்டினார்.

முடிவின்மையை வாசிப்பின் பக்கமிருந்து காணும்போது அழகியலாகத் தோன்றுவது, தொழிலின் பக்கமிருந்து காணும்போது ஒப்பந்தமாகவும் தோன்றுகிறது. நாளை மறுநாளும் அதே நேரத்தில் அதே பொருளை விற்கவேண்டிய நிறுவனத்துக்கு முடிவு என்பது இழப்பு. ஆகவே முடிவின்மை பெண் நேயரின் வாழ்வொழுங்கிலிருந்து மட்டுமன்றி, விளம்பர ஒப்பந்தத்திலிருந்தும் பிறந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

6. தொலைக்காட்சிக்குப் பெயர்தல்

பகல்நேரத் தொலைக்காட்சியைப் பிலிப்ஸ் தொடக்கத்தில் ஐயத்தோடே நோக்கினார். கைவேலையை நிறுத்தாமலே வானொலியைக் கேட்கலாம். தொலைக்காட்சியோ கண்ணையும் கோரும். பாத்திரம் துலக்கும் பெண் திரையின் முன் எவ்வாறு அமர்வார் என்பது அவரை உறுத்திய வினா. 1949இல் என்.பி.சி. வலையமைப்புக்காகச் சிக்காகோவிலிருந்து அவர் எழுதிய 'தீஸ் ஆர் மை சில்ட்ரன்', வலையமைப்பொன்றில் நாள்தோறும் பகலில் ஒளிபரப்பான முதல் நெடுந்தொடராகக் கருதப்படுகிறது. சில வாரங்களிலேயே அது நின்றுபோயிற்று.

தோல்விக்குப் பின் அவர் கண்ட தீர்வு எளிமையானது. வேலைசெய்பவர் திரையைப் பாராமலே கதையைப் பின்தொடர முடியவேண்டும். எனவே உரையாடலே கதையைச் சுமந்தது. ஒரு காட்சிக்கு இருவர் அல்லது மூவர். மெல்ல நகரும் நிகழ்வுகள். நேற்று நடந்ததை இன்று வேறொருவரிடம் எடுத்துரைத்தல் ஆகியன நிலைபெற்றன. பிற்காலத் திறனாய்வாளர் குறையெனச் சுட்டிய மந்தகதி, வீட்டுவேலையின் நடுவே பார்ப்பவரைக் கருதி அமைக்கப்பட்ட உத்தியே.

1952 ஜூன் 30 அன்று 'தி கைடிங் லைட்' சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தது. 1956 வரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒருங்கே அது இடம்பெற்றது. 1956 ஏப்ரல் 2 அன்று 'அஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' தொடங்கியது. அதுவரை பகல்நேரத் தொடர்கள் 15 நிமிடங்களே நிகழ்ந்தன. அரைமணி நேரம் வேண்டும் என்று பிலிப்ஸ் வலியுறுத்தினார். அதே நாளில் தொடங்கிய 'தி எட்ஜ் ஆஃப் நைட்' தொடரோடு இதுவும் அரைமணி நேர வடிவத்தைத் தொடங்கிவைத்தது. ஓக்டேல் என்னும் கற்பனை ஊரின் குடும்பங்கள் அடுக்களை மேசையில் காப்பி அருந்தியபடி பேசிக்கொள்ளும் காட்சிகளே இதன் உயிர். 1950களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் பகல்நேரத் தொடர்களுள் இதுவே முதலிடம் வகித்தது. 1963 நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்ட செய்தியை வால்டர் குரோங்கைட் அறிவித்தபோது சி.பி.எஸ். இடைநிறுத்திய நிகழ்ச்சியும் இதுவே.

இவ்வெற்றியின் ஊடே உரிமையின் நிலை மாறியது. வானொலித் தொடருக்குச் சில நடிகர், ஓர் ஆர்கன் இசைக்கலைஞர், ஒலிவாங்கி ஆகியன போதும். அச்செலவைத் தனி எழுத்தாளர் தாங்கலாம். தொலைக்காட்சியோ அரங்கம், ஒளிப்பதிவுக் கருவி, ஒப்பனை, ஒத்திகை எனப் பெருமுதலைக் கோரியது. அம்முதலை இட்ட புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தொடர்களின் உரிமையாளராயிற்று. சிக்காகோவை விட்டு நியூயார்க்குக்குக் குடிபெயர மறுத்த பிலிப்ஸ், வீட்டிலிருந்தே எழுதி, ஒளிபரப்பைப் பார்த்துத் தொலைபேசியில் திருத்தங்களைச் சொல்லிவந்தார். அவருடைய சொல் நடந்தது. ஆனால் அது உரிமையால் அன்று, வெற்றியால் நடந்தது. வெற்றி தரும் அதிகாரம் பார்வையாளர் எண்ணிக்கை சரியும்வரையே நிலைக்கும்.

7. உரிமையின்றி எழுதுதல்: 1964–1973

1964இல் வில்லியம் பெல்லோடு இணைந்து 'அனதர் வேர்ல்டு' தொடரையும், 1965இல் டெட் கார்டே, பெட்டி கார்டே ஆகியோரின் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரையும் உருவாக்குவதில் பிலிப்ஸ் பங்கேற்றார். 'அனதர் வேர்ல்டு' தொடக்கத்திலேயே கருக்கலைப்பைக் கதைப்பொருளாக எடுத்தது. அமெரிக்காவில் கருக்கலைப்பு பெரும்பாலும் சட்டவிரோதமாக இருந்த காலம் அது.

1967இல் சி.பி.எஸ். வலையமைப்புக்காக அவர் படைத்த 'லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்டு திங்' உரிமைச் சிக்கலின் மற்றொரு முகத்தைக் காட்டியது. ஆசிய, ஐரோப்பியக் கலப்பு மரபினளான பெண்ணுக்கும் வெள்ளை அமெரிக்கருக்கும் இடையிலான காதலே தொடக்கக் கதை. பார்வையாளர் எதிர்ப்புக்கு அஞ்சிய வலையமைப்பு அக்கதையைக் கைவிடுமாறு கூறியது. இணங்க மறுத்துப் பிலிப்ஸ் விலகினார். வேற்றின மண உறவுக்குத் தடைவிதித்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதவை என அறிவித்ததும் அதே 1967இல்தான். சட்டம் விலக்கிய தடை சந்தையில் நீடித்தது. தொடரோ அவரின்றி 1973 வரை நடந்தது. 1932இல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் இம்முறை வழக்கிடுவதற்கான சட்ட அடிப்படை எதுவும் அவரிடம் இல்லை.

1970களின் தொடக்கத்தில் 'அஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' தொடரின் தலைமை எழுத்தாளராக அவர் திரும்பினார். 1972இல் கிம் ரெனால்ட்ஸ் என்னும் பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார். தன் சகோதரியின் கணவரால் கருவுறும் கிம், அதற்காக ஒடுங்கிப்போகாதவள். தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ள எண்ணுபவள். இளமையில் தாம் இருந்த விதமே கிம் என்னும் கருத்தைப் பிலிப்ஸ் வெளிப்படையாகவே கூறினார். மணம் செய்துகொள்ளாமல் இரு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர் அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. நாற்பதாண்டுக் காலம் பிற குடும்பங்களின் கதையை எழுதியவர், பிற்காலத்தில் தம் சாயலில் ஒருத்தியைப் படைத்தார். பார்வையாளர் பலர் அதனை ஏற்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் சரியத் தொடங்கியது. 1973இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

நீக்கத்தின் பின் அப்பாத்திரம் என்னவாயிற்று என்பது நம் வாதத்திற்கு இன்றியமையாதது. கிம் தொடரிலிருந்து மறையவில்லை. பிறர் கைகளில் அவள் மெல்ல மாறி, ஓக்டேலின் மதிப்புக்குரிய குடும்பத்தலைவியாகிப் பல்லாண்டுகள் நீடித்தாள். படைத்தவரின் தன்வரலாற்றுச் சாயலோடு தோன்றிய பாத்திரம், படைத்தவர் நினைத்திராத வாழ்வை வாழ்ந்தது. 1938இல் தம் தாயின் சாயலிலமைந்த பாத்திரத்துக்கு இறுதியை வழங்க முடிந்தவரால், 1973இல் தம் சாயலிலமைந்த பாத்திரத்துக்கு அதனை வழங்க இயலவில்லை. இவ்விரு ஆண்டுகளுக்கு இடையே மாறியது எழுத்தாற்றலன்று, உரிமையே.

அதே ஆண்டு டிசம்பரில் பிலிப்ஸ் சிக்காகோவில் காலமானார். தம் மறைவைப் பிறருக்கு அறிவிக்கவேண்டாம் என அவர் கூறியிருந்தார். அவரிடம் உரையாடல் எழுத்தாளராகத் தொழில் பழகிய ஆக்னஸ் நிக்சன், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோதே செய்தியை அறிந்தார். நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கேட்ட, பார்த்த கதைகளைப் படைத்தவரின் முடிவு அறிவிப்பின்றி நிகழ்ந்தது.

8. வழிவந்தோர்

பிலிப்ஸிடம் பயின்றோர் அவ்வடிவத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றனர். ஆக்னஸ் நிக்சன் 'ஒன் லைஃப் டு லிவ்' (1968), 'ஆல் மை சில்ட்ரன்' (1970) ஆகியவற்றைப் படைத்தார். 1960களின் தொடக்கத்தில் 'தி கைடிங் லைட்' தொடரில் கருப்பைப் புற்றுநோய் பற்றிய கதையை அவர் எழுதியபோது, 'புற்றுநோய்', 'கருப்பை' ஆகிய சொற்களையே பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. சொற்களைத் தவிர்த்துச் செய்தியை உணர்த்தினார் அவர். வில்லியம் பெல் 1973இல் 'தி யங் அண்டு தி ரெஸ்ட்லெஸ்' தொடரைத் தம் மனைவி லீ பிலிப் பெல்லோடு இணைந்து படைத்தார். நிக்சனும் பெல்லும் தத்தம் தொடர்களின்மீது பிலிப்ஸின் பிற்காலத்தைவிடக் கூடுதலான கட்டுப்பாட்டைக் கொண்டிருந்தனர். பிலிப்ஸின் வளர்ப்பு மகள் காதரின் படைத்த 'எ வேர்ல்டு அபார்ட்' (1970–71), தத்தெடுத்த இரு குழந்தைகளை வளர்க்கும், மணமாகாத நெடுந்தொடர் எழுத்தாளர் ஒருவரை மையப்பாத்திரமாகக் கொண்டது. கதை எழுதியவரே கதைப்பொருளானார்.

'கைடிங் லைட்' 2009 செப்டம்பர் 18 அன்று நிறைவுற்றது. வானொலியையும் சேர்த்து அதன் வயது 72. 'அஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' 2010 செப்டம்பர் 17 அன்று முடிந்தது. இரு தொடர்களையும் நிறுத்தும் முடிவு சி.பி.எஸ். வலையமைப்பினுடையது. பார்வையாளர் குறைந்ததே காரணம். முதலாசிரியர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான நிலையில், கதை முற்றுப்பெறவில்லை, ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது என்றே கூறவேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, பிலிப்ஸின் தொழில்வாழ்வு பணியாளர் (1930–32), உரிமையாளர் (1932 முதல் வானொலிக் காலம்), உரிமையற்ற தலைமை எழுத்தாளர் (தொலைக்காட்சிக் காலம்) என மூன்று நிலைகளைக் கொண்டது. ஊடகத்தின் முதலீட்டுத் தேவை பெருகப் பெருக எழுத்தாளரின் உரிமை சுருங்கியமை இதனால் விளங்குகிறது.

இரண்டாவதாக, நெடுந்தொடரின் முடிவின்மையை அழகியலாக மட்டும் விளக்குவது போதாது. அது ஓர் உடைமை அமைப்பின் விளைவுமாகும். முடிவுக்கான அதிகாரம் படைப்பவரிடமிருந்து விலகிய இடத்திலேயே கதை முடிவற்றதாகிறது.

மூன்றாவதாக, 1938, 1973 ஆகிய இரு ஆண்டுகளின் ஒப்பீடு, இவ்வடிவத்தில் ஆசிரியத்துவம் என்பதை யார் எழுதினார் என்பதால் அன்றி, யாரால் முடிக்க முடிந்தது என்பதால் அளக்கவேண்டும் என உணர்த்துகிறது.

இம்முடிவுகள் நம் சூழலுக்கும் பொருந்துவன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்துப் பணியின்போது ஆக்கப்படும் படைப்பின் முதல் உரிமையாளராகப் பணியமர்த்தியவரையே கொள்கிறது. சிக்காகோ வழக்கில் வென்ற கோட்பாடும் அதுவே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் எழுத்தாளரின் உரிமைத்தொகைப் பங்கை ஓரளவு காக்கிறது. ஆயினும் தொகையில் பங்கு என்பது வேறு. முடிவில் பங்கு என்பது வேறு.

பிலிப்ஸைப் பற்றி இவ்வளவேனும் பேச முடிவதற்குக் காரணம், அவருடைய எழுத்துப்படிகளும் கடிதங்களும் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் காக்கப்பட்டு வருவதே. தமிழ் நெடுந்தொடர்களின் எழுத்துப்படிகள், ஒப்பந்தங்கள், எழுத்தாளர்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியன இன்றே தொகுக்கப்படுமாயின், நாளை ஆய்வாளர் ஒருவர் இதே வினாவைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு எழுப்ப இயலும். எழுதியவர் பெயர் திரையில் சில நொடிகள் தோன்றி மறையும் ஒரு வடிவத்தில், அப்பெயருக்குப் பின்னால் இருந்த உழைப்புக்குச் சான்றாக எஞ்சப்போவது ஆவணமே.